வாசல் வாழை

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். சின்னமனூர்ப் பக்கம் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை. வாழைக் கிழங்கின் குருத்து நுனியை மிளகளவுக்கு வெட்டி எடுத்து, கழுவிச் சுத்தம் செய்து, கண்ணாடிப் புட்டிக்குள் ஊட்டக் கூழில் வைத்தால் அது இரண்டாகி, நாலாகி, புட்டி கொள்ளாமல் கன்றுகளாக நிற்கும். அந்தப் புட்டிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது என் பொறுப்பு. ஓரத்தில் லேசாக ஒரு வெள்ளைப் படலம் தெரிந்தாலும் புட்டியோடு ஒதுக்கிவிடுவேன். கூட வேலை பார்க்கும் பெண்கள் எனக்குப் ‘போலீஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

அப்படிப்பட்டவளைத்தான் முதலாளி இலங்கைக்கு அனுப்பினார். ஹட்டனுக்குக் கீழே, றொசல்ல பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறிக்கிற பெண்கள் சங்கமாகச் சேர்ந்து, தோட்ட நிர்வாகம் இரவலாகக் கொடுத்த ஒரு தரிசுச் சரிவில் எங்கள் வாழையை நட்டிருந்தார்கள். முறையான அனுமதியோடு புட்டியில் போய், அங்குள்ள எங்கள் ஏஜென்ட் நிழல்வலைக்குள் வைத்துப் பழக்கிக் கொடுத்த கன்றுகள். இப்போது அவற்றுக்கு நோய் வந்துவிட்டதாம். “நோய் வராத வாழைன்னுதானே குடுத்தீங்க?” என்று போனில் கேட்கிறார்களாம்.

“வசந்தா, நம்ம புள்ளைக சுத்தம். அங்க எவனோ எதையோ கலந்திருக்கான். யாருன்னு கண்டுபிடிச்சுட்டு வா” என்றார் முதலாளி. கையோடு செல்பேசியில் ஒரு படமும் அனுப்பினார். தோட்டம் திறந்த அன்று, காலண்டருக்காக அவரே கேட்டு வாங்கிய படம். சிவப்பு ரிப்பன், மாலை போட்ட ஏஜென்ட், வரிசையாகப் பெண்கள், நுழைவழியின் இரண்டு பக்கமும் கட்டிய வாழைமரங்கள். நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். யாருடைய முகத்தில் திருட்டு முழி தெரிகிறது என்றுதான் பார்த்தேன்.

கொழும்பு விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் பையைத் திறந்து, செருப்பின் அடியில் மண் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. இந்தப் பயணம் முழுக்க முதல் பார்வையில் நான் நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

முதல் நாள் கினிகத்தேனை. ஏஜென்ட் ரவியின் நிழல்வலைக் கூடாரம் அங்கேதான், கடைத்தெருவுக்குப் பின்புறம். ரவிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல பையன் மாதிரி சிரித்தார். நல்ல பையன் மாதிரி சிரிப்பவர்களை நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

“வாங்க மேடம், முதல்ல ஒரு பிளேன்டீ குடிங்க. எல்லாம் அப்பறம் பாக்கலாம்” என்றார்.

“இப்பவே பாக்கலாம்” என்றேன்.

உள்ளே போனால் கோயில் பிராகாரம் தோற்றுவிடும், அவ்வளவு சுத்தம். வலையில் ஓட்டை இல்லை. கன்றுகள் வரிசையாக, அளவாக நின்றன. ஆனால் பூச்சிமருந்து வாசனை மூக்கைத் துளைத்தது. நான் வருகிறேன் என்று தெரிந்து முந்தின நாள் அடித்திருக்கிறார்.

“ஏன் தம்பி, தினமும் அடிப்பீங்களா, இல்ல ஆள் வந்தாத்தானா?”

சிரிப்பு மறைந்துவிட்டது. “மேடம், நானும் புள்ளகுட்டிக்காரன். உங்க கன்னை விட்டுட்டு வேற கன்னை மாத்திக் குடுத்து எனக்கு என்னங்க கிடைக்கப்போவுது? இந்த ஊர்ல நாளைக்கு நான் தலைகாட்ட வேணாமா?”

பேச்சு நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவன் யோசித்து வைத்துப் பேசுகிறான் என்பது என் அனுபவம். மனதுக்குள் அவர் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்ததும் பழக்கடையில் ஆம்புல் என்ற வாழைப்பழம் வாங்கித் தின்றேன். லேசான புளிப்பு, கெட்டியான சதை. நம் ஊரில் ரஸ்தாளி, பூவன் என்று பெருமை பேசுகிறவர்கள் இதைத் தின்றுவிட்டுப் பேச வேண்டும். கடைக்காரர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ரவி மொழிபெயர்த்தார்: “பழத்தைத் தின்னுங்க, ஏன் பிச்சுப் பிச்சு உள்ள பாக்குறீங்கன்னு கேக்குறாரு.”

ராத்தங்கல் ஹட்டனில். மழை நின்றபாடில்லை. சாப்பாட்டுக்கடை முஸ்லிம் பெரியவர், இங்கே நானா என்கிறார்கள், நான் கேட்காமலேயே கொத்துரொட்டியில் உறைப்பைக் குறைத்துப் போட்டுக் கொடுத்தார். “இந்தியாவுல இருந்து வந்தா உறைப்புத் தாங்காதே” என்றார். எனக்கு ரோஷம் வந்து இன்னும் கொஞ்சம் மிளகாய் போடச் சொல்லித் தின்று, கண்ணீர் வடித்தேன். தேயிலை நாட்டில் தேநீர் மட்டும் சுமார்தான். நல்ல தூளெல்லாம் கப்பலேறிப் போய்விடுகிறது, மிச்சம் டஸ்ட்தான் எங்களுக்கு என்று நானாவே சொன்னார்.

மறுநாள் காலை றொசல்லவுக்கு ரயில். ஒரே ஒரு நிறுத்தம்தான், பத்திரமாக இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். ரயில் நீளம், மேடை கட்டை. நான் ஏறியிருந்ததோ கடைசிப் பெட்டி. றொசல்ல வந்தபோது என் கதவுக்கு வெளியே மேடை இல்லை, செடியும் பள்ளமும்தான். குதிப்பதா வேண்டாமா என்று நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு சிங்களப் பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த தமிழ்க்காரர் சொன்னார்: “இந்த நோனா, அதான் நீங்க, ஏறினதுல இருந்து செருப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருந்துச்சு, இறங்குற இடத்தைப் பாக்கலேன்னு சொல்றாங்க.”

வட்டவளையில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தேன். ஆட்டோவை இங்கே திரீவீல் என்கிறார்கள். பாதி வழியில் மழைத்தண்ணீர் ஏறி அது நின்றுவிட்டது. ஓட்டுநர் பிளக்கைக் கழற்றிச் சட்டையில் துடைத்துத் துடைத்து மாட்டினார். மீட்டரைக் கூட்டுவதற்கு நாடகம் போடுகிறாரோ என்று முதலில் நினைத்தேன். மீட்டரே ஓடவில்லை என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

தோட்டத்துப் பாதையில் குடையோடு நின்றுகொண்டிருந்தாள் செல்வராணி. சங்கத்துத் தலைவி. படத்தில் ரிப்பனுக்கு நேர் பின்னால் நின்றவள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், நறுக்கென்ற பேச்சு. எனக்காக அன்று வேலைக்குப் போகவில்லை.

“காலையில பெரட்டுக்குப் போயி, இன்னைக்கு வரலன்னு சொல்லிட்டு வந்து இங்கயே நிக்கிறேன். நீங்க வட்டவளைக்கு டூர் போயிட்டு வாறீங்க” என்றாள். பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் எடுத்து வேலை பிரிக்கிற இடம். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது. அதனாலேயே கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகப்பட்டேன்.

சரிவு, மலைக்கு மறுபக்கம். லயங்கள் ஒரு பக்கம், வாழை இன்னொரு பக்கம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறை பிரித்த அந்தத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து பார்த்தால் வாழைத்தோட்டம் கண்ணுக்கே தெரியாது. சுற்றிலும் தேயிலை, நடுவில் சதுரமாக எங்கள் பிள்ளைகள். சும்மா சொல்லக்கூடாது, அருமையாகப் பராமரித்திருந்தார்கள். மழைத்தண்ணீர் வடிய ஓடை வெட்டி, கரை கட்டி, கன்றுக்குக் கன்று மூடாக்குப் போட்டு வைத்திருந்தார்கள். குளிரில் வாழை மெதுவாகத்தான் வளரும். இருந்தாலும் பெரும்பாலானவை தளதளவென்று நின்றன.

நுழைவழியின் இரண்டு பக்கமும் மட்டும் விழுந்துவிட்டது அடி. இலைகள் ஒடுங்கி, நீட்டமாக விரியாமல், உச்சியில் கொத்தாக நெட்டுக்குத்தலாக நின்றன. ஓரம் மஞ்சள். இலைக்காம்பின் அடிப்புறத்தைத் திருப்பினால் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக இருந்தது. பார்த்ததுமே வாயில் வந்துவிட்டது: “முடிக்கொத்து.”

“அப்படின்னா?” என்றாள் செல்வராணி.

“வைரஸ். வந்த மரம் குலை தள்ளாது. மருந்தும் கிடையாது.”

அவள் முகம் இருண்டது. “நோய் வராத வாழைன்னு சொன்னாங்களே.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஒரு வார்த்தையை ஊர் ஊராக விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. “இந்த ரகத்தை வாடல் நோய்க்குன்னு பாத்துப் பாத்து, கலந்து கலந்து, பல வருசம் கழிச்சு எடுத்தது. வாடல் நோயைத் தாங்கும். முடிக்கொத்தைத் தாங்குற ரகம் இன்னும் யாருக்கும் சரியா அமையல. புட்டியில வளத்ததால வரும்போது நோய் இல்லாம சுத்தமா வந்துச்சு, அவ்வளவுதான். குளிப்பாட்டி விட்ட புள்ள மேல சேறு ஒட்டாதுன்னு யாராச்சும் சொல்வாங்களா?”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?” என்றாள். எங்கள் விளம்பரத்தில் ‘நோய் எதிர்ப்பு’ என்பது பெரிய எழுத்தில் இருக்கிறது. எந்த நோய் என்பது எங்கும் இல்லை.

அப்புறம் அவள் சொன்னதுதான் விஷயம். அடுத்த மாதம் பெரிய துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், வந்து பார்ப்பார். வாழை நன்றாக இருந்தால் இந்தச் சரிவு சங்கத்துக்குத் தொடர்ந்து கிடைக்கும். இல்லையென்றால் பிடுங்கிவிட்டு விறகு மரம் வைத்துவிடுவார்கள்.

“நாங்க லயத்துல பொறந்து லயத்துலயே வளந்தவங்க அக்கா. நாலு தலைமுறையா இந்த மலையில ஒரு சாண் மண்ணு எங்க பேருல கிடையாது. இதுவும் எங்க பேருல இல்லதான். ஆனா இங்க நாங்க என்ன நடணும்னு நாங்களே முடிவு பண்ணினோம். அது எங்களுக்குப் பெரிய விசயம்.”

நான் இளகிவிடவில்லை. மண்வெட்டி கேட்டு, நோய் வந்த கன்று ஒன்றைக் கிழங்கோடு தோண்டச் சொன்னேன். தாய்க்கிழங்கிலிருந்து வெட்டிப் பிரித்த கன்றாக இருந்தால் ஒரு பக்கம் வெட்டுத் தழும்பு இருக்கும். எங்கள் கன்றைச் சாகவிட்டு, அந்த இடத்தில் வேறு எதையாவது நட்டுவிட்டு எங்கள் தலையில் கட்டுகிறார்களோ என்பது என் சந்தேகம். கிழங்கு உருண்டையாக, தழும்பே இல்லாமல் வந்தது. எங்களுடையதுதான். நான் எதற்காகத் தோண்டச் சொன்னேன் என்று செல்வராணிக்குப் புரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து நின்றார். கண்டாக்கு ஐயா, தோட்டத்து மேற்பார்வையாளர். “எல்லாம் போச்சு போல? பாவம், வீணா உழைச்சுட்டாங்க” என்று கரிசனமாகச் சொல்லிவிட்டுப் போனார். அடடா, இவன்தானா என்று தோன்றிவிட்டது எனக்கு. சரிவைத் திரும்பப் பிடுங்க ஆசைப்பட்டு, நோய் பிடித்த இலையைக் கொண்டுவந்து போட்டிருந்தால்?

இப்படி ஆளாளுக்குக் கோடு போட்டுக்கொண்டே ஹட்டனுக்குத் திரும்பினேன். ரவி கலந்திருந்தால் நோய்க் கன்றுகள் தோட்டம் முழுக்கச் சிதறி இருக்க வேண்டும். வாசலில் மட்டும் வரிசை பார்த்து நடுவதற்கு அவருக்கு ஜோசியமா தெரியும்? இந்த வைரஸைப் பரப்புவது வாழைப் பேன். கறுப்பாக, கடுகு மாதிரி, இலைமட்டைக்குள் ஒளிந்திருக்கும். வாசலோரக் கன்றுகளில் அதையும் பார்த்தேன். ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வேறு வாழை இல்லாத இடத்துக்கு அது எப்படி வந்தது? அதுவும் வழி கேட்டு வந்த மாதிரி, நேராக வாசலுக்கு?

மூன்றாம் நாள் செல்வராணி வீட்டில் மதியச் சாப்பாடு. தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், பருப்பு. எங்கள் ஊரில் ரொட்டி என்றால் வேறு ஏதோ. இது தடிமனாக, ஓரம் கருகி, உள்ளே தேங்காய்ப்பூ பல்லில் அகப்பட்டு, அப்படி ஒரு ருசி. மூன்று தின்றேன். லயத்து வாசல் குட்டை. நுழையும்போது தகரத் தாழ்வாரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

வீடு முழுக்கக் கல்யாணக் களை. மூத்த மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை இறம்பொடைப் பக்கம், வசதியான இடம், கொஞ்சம் முறைகள் பார்க்கிறவர்கள். “மண்டபமெல்லாம் இல்ல அக்கா, இங்கதான். வாசலை நல்லா ஜோடிச்சா போதும்” என்றாள் செல்வராணி.

கை கழுவப் பின்பக்கம் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

துணிக்கொடிக்குக் கீழே ஒரு வாழைக் குத்து. ஆள் உயரம்கூட இல்லை. எல்லா மரமும் இலை விரியாமல், உச்சியில் கொத்தாக, பூங்கொத்தை நட்டுவைத்த மாதிரி நெட்டுக்குத்தலாக நின்றன. பக்கத்து வீட்டு நீல பேரலுக்குப் பக்கத்தில் இன்னொரு குத்து, அதே மாதிரி. அதற்கு அடுத்த வீட்டில் இன்னொன்று. லயம் நெடுக.

“செல்வராணி! இது என்ன?”

“அதுவா? வாசல் வாழைங்க.”

“என்னது?”

“வாசலுக்குக் கட்டுறது. காய்க்காது, இந்த ஜாதியே இப்படித்தான். நம்ம லயத்து வாசல்தான் பாத்தீங்கல்ல, குட்டை. சாதா வாழையை வெட்டிக் கட்டினா தகரத்துல இடிச்சு, இலை கிழிஞ்சு, மூஞ்சியில தொங்கும். இது அளவா நிக்கும், இலையும் தொங்காது. வீட்டுக்கு வீடு இருக்கும். எங்க அக்கா கல்யாணத்துக்கு மேமலை லயத்துல இருந்து கன்னு கேட்டு வாங்கி வச்சது இது.”

செல்பேசியை எடுத்து, திறப்பு விழாப் படத்தைப் பெரிதாக்கினேன். முகங்களை விட்டுவிட்டு முதல் தடவையாக மரங்களைப் பார்த்தேன். ரிப்பனுக்கு இரண்டு பக்கமும் வாசல் வாழை. குட்டையாக, கும்மென்று, படத்துக்கு எடுப்பாக. ‘என்ன லட்சணமா கட்டிருக்காங்க பாரு’ என்று முதலாளி என்னிடம் மெச்சிக்கொண்டது இந்த மரங்களைத்தான்.

“விழா முடிஞ்சு இந்த மரங்களை என்ன பண்ணினீங்க?”

“வாடுற வரைக்கும் விட்டு வச்சோம். அப்பறம் வெட்டி, உரமாகட்டும்னு அங்கயே வாசலோரக் கன்னுங்களுக்கு மூடாக்காப் போட்டோம்.”

மரம் வாடினால் பேன் அதில் இருக்காது. பக்கத்தில் பசுமையாக எது நிற்கிறதோ அதில் ஏறும். எந்தத் திருடனும் வரவில்லை. மங்களத்துக்காகக் கட்டிய மரம், கூடவே நோயையும் உள்ளே கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. கூலிக்குப் பிடித்த பந்தல்காரன்கூட இவ்வளவு பொருத்தமாக நோய் மரத்தைப் பொறுக்கி எடுத்திருக்க முடியாது. எந்த மரம் முழுசாக நோயில் இருக்கிறதோ, அதுதான் லயத்து வாசலுக்கு அளவான மரம்.

நான் சொன்னேன். செல்வராணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நாங்களே கொண்டுபோய் வச்சோமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. முந்தின நாள் கிழங்கில் தழும்பு தேடியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அதோடு முடியவில்லையே. தோட்டத்தில் நோய் வந்த கன்றுகளை எடுத்துவிடலாம், மற்றவை தப்பிக்கும். ஆனால் லயம் நெடுக இந்தக் குத்துகள் நிற்கும்வரை பயம் போகாது. பேனுக்கு இறகு முளைத்தால் காற்றில் மலையைத் தாண்டி வரும். வராவிட்டால் அடுத்த பூசைக்கு இவர்களே தூக்கிக்கொண்டு போவார்கள். “எல்லாத்தையும் கிழங்கோட எடுக்கணும்” என்றேன்.

சத்தம் கேட்டுக் கூட்டம் சேர்ந்துவிட்டது. நீல பேரல் வீட்டுக்காரர் மாரிமுத்து, கொழும்பில் கடையில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர், முன்னால் வந்தார்.

“நல்லா இருக்குங்க உங்க கதை. உங்க கம்பெனி வாழையில நோய். அதுக்கு எங்க வாழையை வெட்டணும். எல்லாத்தையும் வெட்டிட்டா அப்பறம் கன்னுக்கு நாங்க யாருகிட்ட வரணும்? உங்ககிட்டத்தானே?”

கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இதையேதான் கேட்டிருப்பேன். இன்னும் கொஞ்சம் கடுமையாகக் கேட்டிருப்பேன்.

“எங்ககிட்ட வாங்க வேணாம். எங்கயும் வாங்க வேணாம். ஒரு வருசம் வாழையே இல்லாம மண்ணைச் சும்மா போடுங்க. அதுக்கப்பறம் இந்தப் பொம்பளைங்களோட தோட்டத்துல இருந்து சுத்தமான கன்னை எடுத்துக்கங்க” என்றேன்.

“ஒரு வருசமா? அதுக்குள்ள வீட்டுல ஒரு விசேசம் வந்தா?” என்றாள் ஒரு கிழவி.

எல்லாரும் செல்வராணியைப் பார்த்தார்கள். விசேஷம் வரப்போவது அவள் வீட்டில்தான். வாழை கட்டாத வாசலில் மாப்பிள்ளை கால் வைப்பாரா என்று யாரோ முணுமுணுத்தார்கள். வெளியிலிருந்து பெரிய மரம் வாங்கி வரலாமே என்றார் இன்னொருவர். அதில் நோய் இல்லை என்று யார் பார்ப்பது என்று நான் கேட்டதும் அவரும் அடங்கிவிட்டார். செல்வராணி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

“பாப்போம்” என்றாள். அவ்வளவுதான்.

‘பாப்போம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் ஊரிலும் அதே அர்த்தம்தான்.

நான்காம் நாள், கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுப் பெண்கள் எல்லாரும் சரிவுக்கு வந்தார்கள். முதலில் ஒவ்வொரு நோய்க் கன்றின் குருத்திலும் மண்ணெண்ணெய் ஊற்றினோம். பேன் ஓடாமல் அங்கேயே சாக வேண்டும், அவசரப்பட்டுப் பிடுங்கினால் அது பக்கத்துக் கன்றுக்குத் தாவிவிடும். பிறகு கிழங்கோடு தோண்டி, துண்டு துண்டாக வெட்டிக் குழியில் போட்டு மூடினோம். ரவியும் கினிகத்தேனையிலிருந்து வந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் சேறாக, கூடவே நின்று தோண்டினார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. என் பிளாஸ்கில் இருந்த தேநீரைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, “மருந்து ஒண்ணும் போடலியே மேடம்?” என்றார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நுழைவழியில் இரண்டு பக்கமும் பொட்டல் விழுந்துவிட்டது. துரையின் கண்ணில் முதலில் படப்போவது அதுதான்.

கிளம்பும்போது செல்வராணியிடம் கொல்லைப்புறத்துக் குத்தைப் பற்றிக் கேட்டேன். “கல்யாண வேலை தலைக்கு மேல கிடக்கு அக்கா” என்றாள். சரிதான், வெட்டமாட்டார்கள் என்று முடிவு கட்டினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியில் தெரிந்த வாழைகளையெல்லாம் முறைத்துக்கொண்டே வந்தேன்.

ஊருக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. “அப்ப நம்ம மேல தப்பில்ல!” என்று துள்ளினார். அடுத்த மூச்சில், “அந்தத் திறப்பு விழாப் படத்தையே காலண்டருக்குப் போட்டுடலாமா?” என்றார். நான் கத்திய கத்தலில் புட்டி கழுவுகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். காலண்டரில் வேறு படம் போட்டார்கள். விளம்பரத்தில் ‘நோய் எதிர்ப்பு’க்கு முன்னால் ‘வாடல்’ என்று சேர்க்கவைக்கத்தான் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் ஒரு நாள், வேலை நேரத்தில், செல்வராணியிடமிருந்து ஒரு படம் வந்தது. கல்யாணப் படம். பெண்ணும் மாப்பிள்ளையும் லயத்து வாசலில் குனிந்து நுழைகிறார்கள். நான் முகங்களைப் பார்க்கவில்லை. விரல்களை வைத்து வாசலைப் பெரிதாக்கினேன். இடது பக்கம் தென்னங்கீற்றுத் தோரணம். வலது பக்கமும் தென்னங்கீற்றுத் தோரணம். மாவிலை. பெரிய கோலம். வாழை இல்லை.

பின்னாலேயே குரல் பதிவு. “அக்கா, நல்லபடியா முடிஞ்சுச்சு. மாப்புள வீட்டுக்காரவங்க வாழை எங்கன்னு கேக்கத்தான் செஞ்சாங்க. வாழைக்குச் சுகமில்ல, குணமானதும் எங்க தோட்டத்துல இருந்து நாங்களே கொண்டாந்து உங்க வாசல்ல கட்டுறோம்னு சொல்லிட்டேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாங்க, பரவால்ல. தொரை வந்தாரு. பொட்டலைப் பாத்தாரு, ஏன்னு கேட்டாரு, சொன்னோம். ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாரு. மறுநாள் கண்டாக்கு ஐயா வந்து, அடுத்த வருசத்துக்கும் நீங்களே பாத்துக்கங்கன்னு சொன்னாரு.”

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்காக நான் திருந்திவிட்டேன் என்று அர்த்தமில்லை. வாசலில் கட்டவில்லை, சரி. கொல்லையில் குத்து அப்படியே நின்றால்? கேட்டேவிட்டேன்: ‘வீட்டுப் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பு.’

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அப்புறம் படம் வந்தது, கூடவே அவள் குரல்: “எப்படியும் பெருசாக்கித்தானே பாப்பீங்க. நல்லாப் பெருசாக்கியே பாருங்க.”

பெரிதாக்கினேன். துணிக்கொடி. அதற்குக் கீழே கிளறிப்போட்ட செம்மண். குத்து இல்லை, ஒரு முளைகூட இல்லை. படத்தை விரலால் ஓரத்துக்குத் தள்ளினேன். மாரிமுத்துவின் நீல பேரல் தெரிந்தது. அதற்குப் பக்கத்திலும் வெறும் மண். இன்னும் தள்ளினேன். அடுத்த வீடு, அதற்கு அடுத்த வீடு, லயம் முடிந்து பனிமூட்டம் ஆரம்பிக்கிற இடம்வரை கிளறிய மண்தான் இருந்தது.